அக்கா லீவு போடாத மாதங்கள்

காலையில் பூங்காவில் நடக்கிற நீங்கள் எல்லோரும் கிட்டத்தட்ட என் வயசு. முட்டிக்கு நல்லது, முதுகுக்கு நல்லது, யோகா கிளாசில் வந்து சேர் என்று கூப்பிடுகிறீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். திமிர் என்று ஒருத்தி சொன்னதாகக் கேள்வி. திமிர் இல்லை. நான் கற்றுக்கொண்டவள்தான். பத்து வயசில், ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து மாசி வரைக்கும். நான் பாதி தூரம் போனேன். என் அக்கா கடைசிக்குப் பக்கத்தில் போனாள். அந்த மூச்சுச் சத்தம் எங்கேயாவது கேட்டால் இப்போதும் எனக்கு வாயில் எச்சில் ஊறும். பசிக்கு ஊறுகிற எச்சில் இல்லை. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

அப்போது தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே வரிசையில் ஆறு குடித்தனம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். அப்பாவுக்கு ரயில்வே யார்டில் வேலை. அக்காவுக்குப் பத்தொன்பது வயசு. பள்ளிக்கூடம் முடித்து, டைப் அடிக்கப் பழகி, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். எனக்கு இழுப்பு உண்டு. மழை வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். யாரோ சொன்னார்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு மாஸ்டர் யோகா சொல்லித் தருகிறார், மூச்சுக்கு நல்லது என்று. என்னைத் தனியாக அனுப்ப முடியாதே, துணைக்கு அக்கா வந்தாள். இப்படித்தான் அவள் அதில் விழுந்தாள்.

மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம். அங்கேதான் கிளாஸ். மண்டபத்துக்காரர் மாஸ்டருக்கு உறவு, அதனால் விடியற்காலையில் இடம் சும்மா கிடைத்தது. முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தால் கூடத்தில் கால் வைக்க முடியாது. தரையில் ரசம் காய்ந்து ஒட்டும். பினாயில் ஊற்றித் தள்ளியிருப்பார்கள். பினாயில் வாடையும் புளித்த சாம்பார் வாடையும் சேர்ந்தால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே எச்சில் இலைக் குவியல். அதில் பன்றிகள். நாங்கள் மூச்சை இழுத்து விடுகிற சத்தமும் அதுகள் இலையைக் கிளறுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்கும். காற்று திரும்பினால் குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் கம்பெனி நாற்றம் வேறு. ஆழமாக இழு, ஆழமாக இழு என்பார் மாஸ்டர்.

விரிப்பு என்று தனியாக யாரும் கொண்டுவர மாட்டோம். மண்டபத்து ஜமக்காளம்தான். வெற்றிலைச் சாறு, குழந்தை மூத்திரம், பாயசம், எல்லாம் அதில் இருந்தது. சூரிய நமஸ்காரத்தில் உடம்பைத் தரைக்கு மேல் இறக்கிப் பிடிக்கும்போது மூக்கு அதில்தான் போய் நிற்கும்.

வேர்வையைத் துடைக்கக் கூடாது. இது மாஸ்டர் சட்டம். துண்டு எடுத்தால் திட்டுவார். வேர்வையை உடம்பிலேயே தேய்த்து ஏற்ற வேண்டும், அதில்தான் சத்து இருக்கிறது என்பார். கிளாஸ் முடிந்த உடனே குளிக்கவும் கூடாது. பெரிய பெரிய பெண்கள் கையையும் கழுத்தையும் தாங்களே தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் தேய்த்தேன். அழுக்கு திரித்திரியாக வரும்.

மாஸ்டர் மைசூரில் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர். ஒல்லி. காது நிறைய முடி. கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாக, தடிப்பாக, கொம்பு மாதிரி இருக்கும். அவர் வரிசைக்கு நடுவில் நடக்கும்போது என் முகத்துக்கு நேரே அந்த நகம் வந்து நிற்கும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். மூச்சை அடக்கினதற்குத் திட்டு.

அவர் நடத்தின முறை ஒன்று உண்டு. இன்றைக்குக் கிளாசில் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி செய்கிறீர்களே, அது கிடையாது. ஆளுக்கு ஒரு இடம். எல்லோரும் ஆரம்பத்தில் இருந்து செய்துகொண்டே வர வேண்டும். நமஸ்காரம், நின்று செய்வது, உட்கார்ந்து செய்வது. வரிசை மாறக் கூடாது. எது வரவில்லையோ அங்கே நின்றுவிட வேண்டும். அது வந்தால்தான் அடுத்தது. அடுத்த ஆசனத்தைச் சொல்லித் தந்தார் என்று சொல்ல மாட்டோம். குடுத்தார் என்போம். எனக்கு இன்னைக்குப் புதுசு ஒண்ணு குடுத்தாரு என்று பெண்கள் புடவை வாங்கினது போலச் சொல்லிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் மாஸ்டர் எண்ணுவார், நாங்கள் சேர்ந்து செய்வோம். ஏகம் என்றால் மூச்சு உள்ளே. த்வே என்றால் வெளியே. த்ரீணி, சத்வாரி. எனக்கு அது எண் என்று தெரியாது. சாமி பெயர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒவ்வொரு சாமிக்கும் குனிகிறோம் என்று நினைப்பு.

நான் மரீச்சி என்கிற ஆசனத்தில் நின்றுவிட்டேன். ஒரு காலை மடக்கித் தொடைமேல் போட்டு, இன்னொரு முட்டியைக் கட்டி, முதுகுக்குப் பின்னால் விரலைப் பிடிக்க வேண்டும். எனக்கு விரல் எட்டவே இல்லை. மாஸ்டர் கையை இழுத்துக் கட்டுவார். அவர் மோவாயில் இருந்து வேர்வை என் பிடரியில் சொட்டும். அதையும் தேய்த்து ஏற்ற வேண்டுமா என்று அக்காவைக் கேட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கு அதுதான் நன்றாக ஞாபகம்.

அக்காவுக்கு உடம்பு தானாக வளைந்தது. கார்த்திகைக்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பிறகு டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா இருந்தார், நாலு வருஷமாக வருகிறவர், அவரையும் தாண்டினாள். ஆமை போலப் படுத்து இரண்டு காலையும் கழுத்துக்குப் பின்னால் கோர்க்கிற ஒரு ஆசனம். அதில்தான் எல்லோரும் நின்றுபோவார்கள். டெலிபோன் ஆபீஸ் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். அக்கா மார்கழி ஆரம்பத்தில் அதைப் போட்டாள். கூடம் முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தது. பார்க்கக் கூடாது, பார்வை மூக்கு நுனியில் இருக்க வேண்டும். ஆனாலும் பார்த்தது.

அன்றைக்கு மாஸ்டர் அக்காவிடம் ஒன்று சொன்னார். பெண்கள் கிளாசில் தான் தொட்டுத் திருத்துவது சில வீடுகளில் பிடிக்கவில்லை, ஒரு பெண் இருந்தால் நல்லது, நீ முதல் வரிசை ஆசனங்களை முழுசாக முடித்துவிட்டால் சித்திரையில் இருந்து பெண்கள் கிளாஸ் உன்னுடையது, சம்பளம் உண்டு என்றார்.  வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்கு வலித்தது. டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு எத்தனையோ பேர் போனார்கள், ஒருத்தருக்கும் நடக்காதது இவளுக்கு நடந்தது. இவளே ஒரு மாஸ்டர்.

அதற்குப் பிறகு அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். காலி வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் சொன்னது. ராத்திரி சாப்பாடு வேண்டாம், ஒரு டம்ளர் பால் போதும், உடம்பு லேசாக இருந்தால்தான் மிச்ச ஆசனங்கள் வரும் என்று மாஸ்டர் அக்காவிடம் தனியாகச் சொன்னார். அக்கா பாலையும் விட்டாள். மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் தள்ளிவிட்டுக் கை கழுவிவிடுவாள். கன்னம் ஒட்டிப்போச்சு. தோள் எலும்பு ஜாக்கெட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு வந்தது. அம்மா, பொண்ணு அழகா ஒல்லியாயிட்டா, மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பக்கத்துக் குடித்தனத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது லீவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் கிளாசில் அமாவாசை, பௌர்ணமி லீவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அதனால் லீவு. பெண்களுக்கு மட்டும் மாசத்தில் மூன்று நாள் லீவு. வீட்டுக்குத் தூரமான அந்த நாட்களில் வரக் கூடாது, செய்யக் கூடாது. இதை மாஸ்டரிடம் சொல்ல முடியாது. கூடத்து வாசலில் மாஸ்டர் வீட்டம்மா இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பருத்த உடம்பு. பிளாஸ்கில் காப்பி வைத்துக் குடித்துக்கொண்டிருப்பார். எங்கள் காலி வயிற்றுக்கு அந்த வாசனை வரும். அவரிடம்தான் நாளையில இருந்து லீவும்மா என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தேவையும் இல்லை. யாருக்கு மாசத்தில் எப்போது என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு இடம் காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவள் புன்னகை செய்வாள். உடம்புக்குள் நடக்கிற ஒன்றை இப்படி ஜமக்காளத்தில் விரித்துப் போட்டிருந்தார்கள். அப்போது எனக்கு விஷயம் புரியாது. பெரிய பெண்களுக்கு லீவு அதிகம் என்று பொறாமைப்பட்டேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கூடம் சுத்தமாக, குளிர்ச்சியாக இருந்தது. பன்றிகள் வேறு பக்கம் போய்விட்டன. கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் தூரத்தில் கேட்கும். அக்கா ஒரு நாளும் விடவில்லை. தை பிறந்தது. அப்போதும் விடவில்லை. ஒரு நாள் திரும்பி வரும்போது, நல்லதாப் போச்சுடி, லீவே போட வேணாம் போல கீது, அதுக்குள்ள முடிச்சிடுவேன் என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். மூன்று நாள் விட்டால் உடம்பு இறுகிவிடும், திரும்பப் பழைய இடத்துக்கு வரப் பாடாக இருக்கும். அது மிச்சம் என்று நினைத்தாள். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு நினைக்கத் தெரிந்தது.

முதலில் கேலியாகத்தான் வந்தது. டெலிபோன் ஆபீஸ் அம்மா கூடத்துப் படியில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னாம்மா, உனக்கு லீவே கெடையாதா? எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஸ்டாஃப் இருந்தா மெடல் குடுத்திருப்பாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அடுத்த மாசம் யாரும் முகத்துக்கு நேரே கேலி செய்யவில்லை. ஜமக்காளத்தில் அக்கா பக்கத்தில் இருந்தவள் அரை அடி தள்ளி உட்கார்ந்தாள். மாஸ்டர் அக்காவுக்குக் குடுத்திருந்த ஆசனத்துக்குக் கர்ப்ப பிண்டாசனம் என்று பெயர். பத்மாசனத்தில் மடக்கின கால் இடுக்கில் இரண்டு கையையும் நுழைத்துக் காதைப் பிடித்துக்கொண்டு உருள வேண்டும். கை நுழையத் தண்ணீர் தெளிப்பார்கள். அக்கா உருளும்போது பின்னால் யாரோ, குடுத்தவருக்குத் தெரியாதா என்ன குடுத்தோம்னு என்றாள். குசுகுசுவென்று ஒரு சிரிப்பு ஓடியது. முதுகெலும்பு தரையில் கடகடவென்று பட்டு அக்கா உருண்டுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

தையில் கல்யாணங்கள் திரும்ப ஆரம்பித்திருந்தன. மாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள். இலைக் குவியல் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. மாஸ்டர் வீட்டம்மா அக்காவை வாசலிலேயே நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். என்னை உள்ளே போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"உனக்கு வருதா, இல்லையா?"

அக்கா தரையைப் பார்த்தாள். வரலம்மா என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மார்கழிலேர்ந்து. நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாம எப்படி நிக்கும்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. காப்பி மூடியைத் திருகி மூடிக்கொண்டே கேட்டார். உள்ளே மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வெளியே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் பயந்தது அக்காவை நினைத்து இல்லை. இது தன் தலையில் விடியுமோ என்று பயந்தார். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. பெரிய ஆள் பயந்தால் குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

"இது சுத்தமான இடம்மா," என்றார். "அதை என்னன்னு முடிச்சிட்டு வா."

சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை. பார்வை மூக்கு நுனியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பன்றி உறுமியது.

இந்த மனுஷர்தான் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னவர். மைசூரில் எத்தனையோ பெண்களைப் பார்த்தேன் என்று பெருமை பேசுகிறவர். அவருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா. வந்து வாயை மூடிக்கொண்டாரா, வரவே இல்லையா, தெரியாது. 

எங்களுக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா அக்காவை அடித்தாள். யாருடி, யாருடி என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். யாருமில்லை என்று அக்கா சொன்னாள். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாள். அழவில்லை. அப்பா சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, என் பொண்ணு மாதிரிதான் நடத்தினேன், வேற எங்கயாவது விசாரிங்க என்று சொல்லியிருக்கிறார். அப்பா திரும்பி வந்து அக்கா கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கவில்லை. அன்றையில் இருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

மறுநாளில் இருந்து கஷாயம். கறுப்பாக, கெட்டியாக, பெருங்காயமும் வெல்லமும் என்னென்னவோ வேரும் போட்டு அம்மா காய்ச்சினாள். ஆறு குடித்தனத்துக்கும் வாடை போயிருக்கும். எல்லோருக்கும் என்ன கஷாயம் என்று தெரியும். ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மா அக்காவின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினாள். காலி வயிறு. அக்கா கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பச்சையாக, நுரையாக வந்தது. பக்கத்துக் குடித்தனத்துப் பெண்கள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கஷாயத்தால் வாந்தி, வாந்தியால் இன்னும் சந்தேகம், சந்தேகத்தால் இன்னும் கஷாயம். நான் வாளியில் தண்ணீர் இறைத்து வாந்தியைக் கழுவிவிட்டேன். கல்லில் அந்தக் கறை பல நாள் இருந்தது.

சேலையூரில் ஒரு நர்ஸம்மா இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் வைத்துப் பார்ப்பார். அம்மா அக்காவை முக்காடு போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன், சும்மா ஒரு துணைக்கு. நர்ஸம்மா அக்காவைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல, அடுத்த மாசம் கூட்டிட்டு வா, பொண்ணுக்கு ரத்தமே இல்ல, மீன் முட்டை குடு என்றார். அவ்வளவுதான். சோறு போட்டால் சரியாகும் என்று சொல்லவில்லை. சோறு போடு என்று மட்டும் சொன்னார்.

அம்மா போட்டாள். இதுதான் எனக்கு இன்னும் புரியாதது. விடிந்தால் மூக்கைப் பிடித்துக் கஷாயம். மத்தியானம் முள் எடுத்துப் பிசைந்து மீன் சோறு, முட்டை. துன்னு, துன்னுத் தொலை என்று உருட்டி உருட்டிக் கையில் வைப்பாள். இரண்டையும் ஒரே கை செய்தது. அக்காவும் தின்றாள். வெளியே போக முடியாது, ஆசனம் செய்ய முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் மண்டபத்துக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் முழிப்பு வந்துவிடும். பாயில் மல்லாந்து படுத்தபடி மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

நான் அவளிடம் ஒரு தரம் கேட்டேன், எப்ப கிளாசுக்குப் போவோம் என்று. சித்திரைக்குள்ள நம்பிடுவாங்கடி, கிளாஸ் எனக்குத்தான் என்றாள். அவளுக்கு நம்பிக்கை போகவில்லை. அடித்தவர்கள் மேல்கூடக் கோபம் இல்லை. உண்மை தெரிந்ததும் எல்லாம் பழையபடி ஆகும், விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்று இருந்தாள்.

பங்குனியில் வந்தது.

அக்கா கக்கூசில் இருந்து வெளியே வந்து அம்மாவிடம் சொன்னாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அம்மா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சாமி பெயரைச் சொன்னாள். பிறகு எழுந்து அக்காவின் தலையைத் தடவினாள். அக்கா, இப்பவாவது நம்பறியாம்மா என்று கேட்டாள். அம்மா பழைய புடவை ஒன்றைக் கிழிக்க உள்ளே போனாள்.

மத்தியானம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். கிணற்றடியில் கால் கழுவினார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். அக்காவும் நானும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

"கலஞ்சிடுச்சி," என்றாள் அம்மா. "கஷாயம் வேல செஞ்சிடுச்சி. இனிமே பயமில்ல."

அப்பா தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று காலைக் காட்டினார்.

எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். காலையில் இருந்த முகம் இல்லை. ஈரத்துணியால் துடைத்தெடுத்தது போல இருந்தது.

மறுநாள் அம்மா செய்ததைச் சொல்கிறேன். நம் காலத்தில் அந்தத் துணிகளை எப்படிக் காய வைப்போம் என்று உங்களுக்கே தெரியும். பழைய புடவைக் கிழிசல்கள். கக்கூசுக்குப் பின்னால், ஒரு பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுவோம். ஆண்பிள்ளை கண்ணில் படக் கூடாது, வெயில்கூடப் படாது. அம்மா அதைக் கொண்டுவந்து தெருப்பக்கக் கொடியில் போட்டாள். பக்கம் பக்கமாக விரித்து. மறைக்க ஒன்றும் போடவில்லை. சரியாகக் கசக்கவும் இல்லை. கறை தெரிய வேண்டும் என்றே விட்டிருந்தாள். பழுப்பாகத் தெரிந்தது. ஈ மொய்த்தது. பால்காரர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். பள்ளிக்கூடப் பையன்கள் பார்த்தார்கள். ஆறு குடித்தனத்துப் பெண்களும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா வாசலில் நின்று, எல்லாரும் பாத்துக்கட்டும் என்றாள். பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

செய்தி மண்டபத்துக்கும் போயிற்று. சாயங்காலம் மாஸ்டர் வீட்டம்மா ரிக்ஷாவில் வந்து இறங்கினார். நேராக வீட்டுக்குள் வரவில்லை. முதலில் கொடியருகே போனார். மூக்கின்மேல் முந்தானையை வைத்துக்கொண்டு, குனிந்து, நன்றாகப் பார்த்தார். கடையில் மாங்காய் பொறுக்குகிறவள் போல. திருப்தி ஆனதும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"சந்தேகம் தீர்ந்துச்சு. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். தலைக்கு ஊத்திக்கிட்டு திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புங்க. மிச்சம் இருக்கறத முடிச்சிடட்டும். சித்திரையில கிளாஸ் அவளே எடுக்கட்டும்."

அக்கா திரும்பிப் போனால்தான் அவர் புருஷன் பெயரும் கழுவப்படும். அதற்காகத்தான் வந்தார். ஆனால் அக்காவுக்கு வேண்டியதும் அதுவேதான். கேட்ட எல்லாமே கிடைத்துவிட்டது. அம்மா சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

அக்கா மூலையில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே பேசினாள்.

"நான் வரலம்மா."

"ஏன்? அதான் சரியாயிடுச்சே."

"நான் சொன்னப்போ யாரும் கேக்கல. துணி சொன்னா கேக்கறீங்க. அந்தத் துணிய வெச்சே கிளாஸ் எடுத்துக்கங்க."

மாஸ்டர் வீட்டம்மாவுக்கு முகம் சிவந்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா, கொழுப்புடி உனக்கு என்று கத்தினாள். 

சித்திரையில் பெண்கள் கிளாஸ் டெலிபோன் ஆபீஸ் அம்மாவுக்குப் போனது. அவருக்கு அந்த ஆமை ஆசனம் கடைசி வரைக்கும் வரவில்லை என்று கேள்வி. என்னையும் நிறுத்திவிட்டார்கள். அக்கா கடப்பேரிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கப் போனாள். முதுகு வளையும் வரை தைத்தாள். தாமதமாகக் கல்யாணம். இரண்டு பையன்கள். நல்ல மனுஷர்தான் வந்தார். அவரிடம் இதையெல்லாம் சொன்னாளா தெரியாது. நான் கேட்டதில்லை.

பிறகு ரொம்ப வருஷம் கழித்து, என் மகள் காலேஜில் ஓட்டப்பந்தயத்துக்குப் பழகினாள். ஓடுவாள், சாப்பிட மாட்டாள். அவளுக்கும் நின்றுபோனது.  குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒடம்ப ரொம்ப வருத்திக்கிட்டு சாப்பிடாம இருந்தா நின்னுடும், நல்லா சாப்பிடட்டும், தானா வந்துடும் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா. இதைச் சொல்லத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையா.

அம்மா கடைசியில் அக்கா வீட்டில்தான் கிடந்தாள். பொழிச்சலூரில். கூரைக்கு மேலேயே விமானம் இறங்கும். அம்மாவுக்குக் காது மந்தம். ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வாள். ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கக்காவுக்கு வாழ்வு குடுத்தது நானு. அன்னிக்கு அந்தக் கஷாயம் நான் வெச்சுக் குடுக்கலேன்னா இன்னிக்கு இவ எங்க கீறா?"

"அப்போ ஒண்ணுமே இல்லம்மா. துன்னாம ஒடம்ப வருத்திக்கினா நின்னு பூடுமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டருக்கு இன்னா தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா."

பெருமையாகச் சிரித்தாள். பல் இல்லாத வாய்.

அக்கா அறை வாசலில் நின்று அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரில் இருந்து கிண்ணத்துக்கு, கிண்ணத்தில் இருந்து டம்ளருக்கு. அவளுக்குக் கேட்டது. ஆற்றுகிற கை நிற்கவில்லை. உள்ளே வந்து அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியைப் புகட்டினாள். ஓரத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். அம்மா சுகமாகக் குடித்தாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து வாயில் ஊறின எச்சிலைச் சாக்கடை ஓரமாகத் துப்பினேன்.